ஒன்பது சதவீதம் எங்கிருந்து வந்தது?

பிபிஏ நிதியியல் படிப்பில் முதலாம் ஆண்டில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். கணக்கியல் வகுப்பில் ஒரு கற்பனை நிறுவனத்தின் ஓராண்டு நடவடிக்கைகளைக் கொடுத்து, குறிப்பேட்டில் தொடங்கி பேரேடு, இருப்பாய்வு (பற்று, வரவு மொத்தங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது), லாப நட்டக் கணக்கு என்று பேலன்ஸ் ஷீட் வரை முடித்து வரச் சொன்னார்கள். இரவு ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. நான்கைந்து முறை அடித்துத் திருத்திய பிறகு, இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக வந்து நின்றது. அந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. எண்கள் ஒத்துப்போனால் கணக்கு சரி என்று நம்பியிருந்த காலம்.

தாள் திரும்பி வந்தபோது கீழே பச்சை மையில் எழுதியிருந்தது: “டேலி ஆகிறது. ஆனால் தவறு.”

ஓர் இயந்திரத்தைப் பழுதுபார்த்த செலவை நான் இயந்திரக் கணக்கிலேயே பற்று எழுதியிருந்தேன். அந்த ஆண்டின் செலவாக லாபத்தைக் குறைத்திருக்க வேண்டிய தொகை, சொத்தாக மாறி பேலன்ஸ் ஷீட்டில் உட்கார்ந்துவிட்டது. பற்றுக்குச் சமமான வரவு இருக்கிறது, கூட்டல் பிழை கிடையாது, எல்லாம் டேலி ஆகிறது. லாபம் மட்டும் உண்மையைவிடக் கூடுதல். இதற்கு விதிப்பிழை என்று பெயர். இருப்பாய்வு எத்தனை முறை போட்டாலும் இந்தப் பிழை அதில் சிக்காது. ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு எழுதும் இந்த இரட்டைப் பதிவு முறை வணிகர்களிடம் முன்பே புழக்கத்தில் இருந்தது. 1494-இல் வெனிஸ் நகரில் லூகா பாச்சியோலி என்ற துறவி அதை விளக்கி அச்சில் ஏற்றினார். ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் அந்த முறைதான் நிற்கிறது. அத்தனை வலுவான முறைக்கும் இந்த ஓட்டை உண்டு: நாம் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுகிறோமோ, அதை அது நம்பிவிடும்.

நிதியியலைச் சிறப்புப் பாடமாக எடுத்து பிபிஏ முடித்து வெளியே வந்தபின், “என்னதான் சொல்லிக் கொடுத்தாங்க?” என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பச்சை மைதான். மூன்று ஆண்டுகளில் படித்த எல்லாப் பாடங்களும் ஏதோ ஒரு வகையில் அந்த இரண்டு வாக்கியங்களுக்கே திரும்பி வந்தன.

எங்கள் தாள்களைத் திருப்பிக் கொடுத்த அதே வகுப்பில் பேராசிரியர் வேர்ல்டுகாம் கதையைச் சொன்னார். அமெரிக்காவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ஒன்று. பிற நிறுவனங்களின் தடங்களைப் பயன்படுத்தியதற்காக அது கட்டிய தொகை, அந்தந்தக் காலாண்டின் செலவு. அதைச் சொத்தாகப் பதிவுசெய்து பல ஆண்டுகளுக்குப் பரப்பிவிட்டார்கள். 2002 ஜூனில் சுமார் 3.8 பில்லியன் டாலர் இப்படித் தவறாகக் காட்டப்பட்டதாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. பிந்தைய விசாரணைகளில் தொகை இன்னும் பெருகியது. அடுத்த மாதம் திவால் மனு. அதுவரை அமெரிக்கா கண்ட திவால்களில் அதுவே பெரியது. கண்டுபிடித்தது சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு. பல பக்கங்கள் நீளும் சிக்கலான மோசடி ஒன்றைக் கேட்கப் போகிறோம் என்று காத்திருந்த எங்களுக்கு, அடிப்படையில் அது என் வீட்டுப்பாடத்தில் இருந்த அதே பிழைதான் என்று தெரிந்தபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. நான் தெரியாமல் செய்தேன். அவர்கள் தெரிந்து செய்தார்கள். ஏட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இந்தப் படிப்பில் சேரும்போது எங்களில் பலருக்கு மனதில் இருந்தது பங்குச் சந்தை மட்டும்தான். முதலாண்டு அந்த ஆசையைக் கண்டுகொள்ளவே இல்லை. நுண்பொருளியல், புள்ளியியல், வணிகச் சட்டம், மேலாண்மைக் கோட்பாடுகள், சந்தைப்படுத்தல், நிறுவன நடத்தையியல். இவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: புள்ளியியலை அரைகுறையாகக் கடந்தவர்கள் இரண்டாமாண்டில் மிகவும் சிரமப்பட்டார்கள். திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு), ஒட்டுறவு, ரிக்ரெஷன் மூன்றும் கைவசம் இல்லாவிட்டால் முதலீட்டுப் பாடத்தில் எல்லாமே மனப்பாடமாகிவிடும். மனப்பாடம் செய்த நிதியியல் பரீட்சை மண்டபத்து வாசலைத் தாண்டி வராது.

நான் இந்தத் துறையை உண்மையிலேயே விரும்பத் தொடங்கியது பணப்பாய்வு அறிக்கையில். பெரும்பாலானவர்கள் அலுத்துக்கொள்ளும் பாடம் அது. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரு நிறுவனம் மாதம் 100-க்கு விற்கிறது. அதற்கு ஆகும் செலவு 80. செலவை அந்த மாதமே கொடுத்தாக வேண்டும். விற்ற பணமோ மூன்று மாதம் கழித்துத்தான் கைக்கு வரும். முதல் மூன்று மாத முடிவில் லாப நட்டக் கணக்கு 60 லாபம் காட்டுகிறது. கையில் இருந்த பணத்தில் 240 வெளியே போயிருக்கிறது, உள்ளே ஒன்றும் வரவில்லை. இப்போது விற்பனை இரண்டு மடங்காகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபமும் இரட்டிப்பாகும், பள்ளமும் ஆழமாகும். நல்ல சரக்கு, நல்ல வாடிக்கையாளர்கள், வளரும் விற்பனை என்று எல்லாம் இருந்தும், சம்பள நாளில் பணம் இல்லாமல் ஒரு நிறுவனம் மூடப்படலாம். லாபம் என்பது ஒரு கருத்து; கையிருப்பு என்பது எண்ணிப் பார்க்கக்கூடியது. இது புரிந்த நாளிலிருந்து எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தாலும் செயல்பாட்டுப் பணப்பாய்வைத்தான் முதலில் தேடுகிறேன். லாபம் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே இருக்க, செயல்பாட்டிலிருந்து வரும் பணம் இறங்கிக்கொண்டே இருந்தால், வரவேண்டிய பாக்கியிலோ சரக்கிருப்பிலோ ஏதோ தேங்குகிறது.

அடுத்ததாக விகிதங்கள். பங்குதாரர் முதலீட்டின் மீதான ஆதாயம் 18 சதவீதம் என்று இரண்டு நிறுவனங்கள் காட்டுகின்றன. டூபான்ட் முறையில் அதை மூன்றாகப் பிரித்தால், ஒன்றில் லாப வரம்பு (விற்பனையில் லாபத்தின் பங்கு) 9 சதவீதம், சொத்துச் சுழற்சி (விற்பனை சொத்தைப்போல் எத்தனை மடங்கு) ஒரு முறை, மூலதனத்தைப்போல் சொத்து இரண்டு மடங்கு. மற்றதில் வரம்பு 2 சதவீதம், சுழற்சி மூன்று முறை, சொத்து மூன்று மடங்கு. பெருக்கினால் இரண்டும் 18. முதல் நிறுவனம் பொருளின் மதிப்பில் பிழைக்கிறது. இரண்டாவது வேகத்திலும் கடனிலும் பிழைக்கிறது. அதன் வரம்பில் இரண்டு புள்ளி சரிந்தால் லாபமே இல்லை. ஒரே எண்ணுக்குள் இரண்டு வாழ்க்கை இருக்கிறது என்று அப்போது நோட்டில் எழுதி வைத்தேன்.

இரண்டாமாண்டின் தொடக்கத்தில் காலத்துக்கும் பணத்துக்கும் உள்ள உறவுக்கு வந்தோம். இன்று கையில் இருக்கும் 1,000-மும் பத்தாண்டு கழித்து வரப்போகும் 1,000-மும் ஒன்றல்ல என்பது யாருக்கும் தெரிந்ததே. எவ்வளவு வேறு என்பதில்தான் துறையே இருக்கிறது. பணம் ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் என்று வைத்துப் பின்னோக்கிக் கழித்தால், பத்தாண்டு கழித்து வரும் 1,000-த்தின் இன்றைய மதிப்பு 463. பத்து சதவீதம் என்றால் 386. பன்னிரண்டு என்றால் 322. வரப்போகும் பணம் மாறவில்லை, வரும் நாளும் மாறவில்லை. நாம் தேர்ந்தெடுத்த விகிதம் மட்டும் மாறியது. அந்த விகிதத்தைத்தான் டிஸ்கவுண்ட் ரேட், அதாவது கழிவு விகிதம், என்கிறோம். வகுப்பில் முதல் சில வாரங்கள் கேள்வியிலேயே “10% என்று கொள்க” என்று இருக்கும். அந்தக் “கொள்க” எவ்வளவு பெரிய சொல் என்பது அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது ஒரு குழுப் பயிற்சியில். நான்கு பேர் கொண்ட குழு. ஒரு நிறுவனம் புதிய உற்பத்திப் பிரிவு ஒன்றைத் தொடங்கலாமா என்று சொல்ல வேண்டும். எளிமையாக்கிச் சொல்கிறேன்: இன்று முதலீடு 1,000, அடுத்த ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 260 வரவு. 12 சதவீதம் வைத்து நிகர நிகழ்கால மதிப்பை (வரவுகளின் இன்றைய மதிப்பில் முதலீடு போக மிஞ்சுவதை) கணக்கிட்டோம். மைனஸ் 63. வேண்டாம் என்று எழுத வேண்டிய இடம் அது. ஆனால் “தொடங்கலாம்” என்று சொல்லும்படிதான் நாங்கள் முன்பே ஸ்லைடுகளைத் தயாரிக்க ஆரம்பித்திருந்தோம். சந்தை வளர்கிறது, போட்டி குறைவு என்றெல்லாம் அழகான பக்கங்கள். “9 போட்டுப் பார்க்கலாமே” என்று சொன்னது நான். போட்டோம். பிளஸ் 11. யாரும் எதுவும் பேசவில்லை. அதன்பின் ஒன்பது ஏன் பொருத்தமானது என்று ஒன்றரைப் பக்கம் எழுதினோம். நன்றாகவே எழுதினோம். எழுதி முடித்தபோது நாங்களே அதை நம்பத் தொடங்கியிருந்தோம்.

அதை நேர்மையின்மை என்று எங்களில் ஒருவர்கூட நினைக்கவில்லை. எக்செல் கோப்பில் ஓர் அறையில் இருந்த ஓர் எண்ணை மாற்றினோம், அவ்வளவுதான்.

பேராசிரியர் முழுவதையும் கேட்டார். பாராட்டக்கூடச் செய்தார். பிறகு கேட்டார்: “ஒன்பது சதவீதம் எங்கிருந்து வந்துச்சு?”

நான் ஒன்றரைப் பக்கத்தையும் ஒப்பித்தேன். கடன் வட்டி, பங்குதாரர் எதிர்பார்ப்பு, துறையின் சராசரி.

“சரி. விடை முதல்ல வந்துச்சா, ரேட் முதல்ல வந்துச்சா?”

நான்கு பேரும் தரையைப் பார்த்தோம். “விடைதான் மேடம்” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

அவர் கோபப்படவில்லை, மதிப்பெண்ணையும் குறைக்கவில்லை. வேறொன்று செய்தார். எந்த விகிதத்தில் இந்தத் திட்டத்தின் மதிப்பு சரியாகச் சைபர் ஆகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். சுமார் 9.4. “இப்ப கேள்வியைத் திருப்பிப் போடுங்க. இந்த ரிஸ்க்குக்கு 9.4-க்கும் குறைவான ஆதாயம் போதும்னு யார் ஒத்துக்குவாங்க? அப்படி ஒத்துக்கிறவங்க எதை நம்பணும்? ஆண்டுக்கு 260 வரும்னு சொல்றீங்களே, அது 240 ஆனா?” மறுவாரம் அதே திட்டத்தை மறுபடி கொண்டுபோனோம். இந்த முறை முடிவு ஒரு வரி. அந்த முடிவுக்கு எதையெல்லாம் நம்ப வேண்டியிருக்கிறது என்பது ஆறு பக்கம். என் மூன்றாண்டுப் படிப்பை ஒரே வாரத்தில் அடக்கச் சொன்னால் அந்த வாரத்தைத்தான் சொல்வேன்.

சரி, விகிதம் எங்கிருந்து வருகிறது? பாடநூல் வழி ஒன்று உண்டு. 1964-இல் பொருளியலாளர் வில்லியம் ஷார்ப் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த மாதிரி. ரிஸ்க் இல்லாத வட்டி, அதன்மேல் சந்தை முழுவதற்குமான கூடுதல் ஆதாயம், அதைப் பங்கின் பீட்டாவால் (சந்தை நகரும்போது அந்தப் பங்கு எவ்வளவு நகர்கிறது என்ற அளவால்) பெருக்கிச் சேர்ப்பது. வாய்பாடு ஒரே வரி. ஒவ்வொரு உறுப்பையும் தட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. ரிஸ்க் இல்லாத வட்டி என்று எந்தக் காலவரையறை கொண்ட அரசுப் பத்திரத்தை எடுப்பது? கூடுதல் ஆதாயம் கடந்த காலத்தின் சராசரி என்றால் எத்தனை ஆண்டுச் சராசரி? பீட்டாவை வாரக் கணக்கில் அளப்பதா, மாதக் கணக்கிலா? ஒரே நிறுவனத்துக்கு எங்கள் வகுப்பில் பதினொரு பேர் பதினொரு பீட்டா கொண்டுவந்தோம். ஒருவர்கூடத் தப்பாகக் கணக்கிடவில்லை.

இது தெரிந்தபின் வாய்பாட்டின்மீது வெறுப்பு வந்துவிடும் ஆபத்து உண்டு. “எல்லாம் ஊகம்தானே” என்று விலகிப்போன நண்பர்கள் இருந்தார்கள். எனக்கு அந்த நிலை ஏற்பட்டது மோடிக்லியானி–மில்லர் தேற்றத்தைப் படித்தபோது. 1958-இல் வந்தது. வரி இல்லை, திவால் செலவு இல்லை, எல்லோருக்கும் ஒரே தகவல் தெரியும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நிறுவனம் எவ்வளவு கடன் வாங்கினாலும் அதன் மொத்த மதிப்பு மாறாது என்கிறது. இல்லாத உலகத்தைப் பற்றிய தேற்றம் எதற்கு என்று ஒரு வாரம் எரிச்சலோடு திரிந்தேன். நூலகத்தில் ஒரு சீனியர் ஒரே வாக்கியத்தில் விளக்கினார்: “அதைப் பின்னாலிருந்து படிச்சுப் பாரேன்.” கடன் அளவு உண்மையில் முக்கியம் என்று யாராவது சொன்னால், காரணம் அந்த விலக்கி வைக்கப்பட்டவற்றுள் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வட்டிக்குக் கிடைக்கும் வரிச் சலுகையா, திவாலாகும் அச்சமா, உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே இருப்பவர்களைவிடக் கூடுதலாகத் தெரிவதா? தேற்றம் உலகத்தை விவரிக்கவில்லை. எங்கே தேட வேண்டும் என்று கைகாட்டுகிறது. அனுமானங்களை மறைக்காமல் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கும் மாதிரியை நான் அதன்பின் மதிக்கத் தொடங்கினேன்.

பொருளியலாளர் ஹேரி மார்க்கோவிட்ஸின் 1952 கட்டுரையும் அப்படித்தான். தலா 20 சதவீதத் திட்ட விலக்கம் கொண்ட இரண்டு முதலீடுகளில் பாதிப் பாதி போடுகிறோம். இரண்டும் அச்சு மாறாமல் ஒன்றாக ஏறி இறங்கினால் மொத்த ரிஸ்க் அதே 20. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லையென்றால் 14 ஆகிவிடும். எதிர்பார்க்கும் ஆதாயம் ஒரு துளிகூடக் குறையவில்லை. எந்தப் பங்கு நல்லது என்ற கேள்வி, இது மற்றவற்றோடு எப்படிச் சேர்ந்து நகர்கிறது என்ற கேள்வியாக மாறியது அங்கேதான். அதற்காக 1990-இல் ஷார்ப், மெர்ட்டன் மில்லர் இருவரோடும் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தம் சொந்த ஓய்வுக்காலச் சேமிப்பை அவர் எப்படிப் பிரித்தார் என்று கேட்டபோது, பங்குகளில் பாதி, பத்திரங்களில் பாதி என்று போட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கம் போனாலும் பிறகு வருந்தக்கூடாது என்பதற்காக. இதைக் கேட்டு வகுப்பில் சிலருக்கு ஏமாற்றம். எனக்கு அவர்மீது மரியாதை கூடியது. தம் மாதிரிக்கு உணவாகக் கொடுக்க வேண்டிய எண்கள் எவ்வளவு உறுதியற்றவை என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரிந்திருக்கும்?

2013-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பெற்ற மூவரில் யூஜின் ஃபாமாவும் உண்டு, ராபர்ட் ஷில்லரும் உண்டு. கிடைக்கும் தகவலைச் சந்தை விலை உடனுக்குடன் உள்வாங்கிவிடுகிறது என்பது முன்னவர் வாதம். பல ஆண்டுகள் நீளும் மிகையும் மனித மனமும் விலையை அடிப்படையிலிருந்து வெகுதூரம் இழுத்துச் செல்கின்றன என்பது பின்னவர் வாதம். ஒரே மேடையில் இரண்டு பேருக்கும் பரிசு. இது நிதியியலின் பலவீனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாளை எந்தப் பங்கு ஏறும் என்று சொல்வது கடினம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு. உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பதோ சரியாக அந்தக் கேள்விதான். “ஃபைனான்ஸ் படிச்சிட்டு இதுகூடத் தெரியாதா?” என்பார்கள். ஏன் தெரியாது என்று விளக்கத் தெரிவதற்குத்தான் நான் மூன்றாண்டுகள் படித்தேன். குறி சொல்லக் கற்றுக்கொடுக்கும் பட்டம் இது இல்லை என்று சேரும் முன்பே பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிவிட வேண்டும்; பாதி ஏமாற்றம் குறையும்.

இரண்டாமாண்டின் கடைசிப் பருவத்தில், 2023 மார்ச்சில், பாடம் செய்தியாக வந்து நின்றது. அப்போது நாங்கள் கடன் பத்திரங்களைப் படித்துக்கொண்டிருந்தோம். வட்டி ஏறினால் பத்திர விலை இறங்கும் என்பது முதல் நாள் பாடம். முகமதிப்பு 100, ஆண்டுக்கு 2 சதவீத வட்டி, பத்தாண்டுத் தவணை கொண்ட பத்திரம். சந்தை வட்டி 5-க்குப் போனால் அதன் விலை சுமார் 77. கடன் வாங்கியவர் ஒரு தவணைகூடத் தவறவில்லை. ஆனாலும் 23 போய்விட்டது. பலகையில் போட்ட இந்தக் கணக்கின் ஈரம் காயும் முன்பே அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி மார்ச் 10 அன்று மூடப்பட்டது. வட்டி பூச்சியத்துக்கு அருகில் இருந்த காலத்தில் வந்து குவிந்த வைப்புகளை அது நீண்டகாலப் பத்திரங்களில் போட்டிருந்தது. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சிலிருந்து ஓராண்டுக்குள் வட்டியை நாலரை சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனது. நஷ்டத்தில் பத்திரங்களை விற்றதாக வங்கி மார்ச் 8 அன்று அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் வாடிக்கையாளர்கள் எடுக்க முயன்ற தொகை 42 பில்லியன் டாலர்.

பேராசிரியர் அந்த வங்கியின் 2022 ஆண்டறிக்கையைத் திரையில் காட்டினார். முதிர்வு வரை வைத்திருப்பதாக வகைப்படுத்திய பத்திரங்கள் சுமார் 91 பில்லியன் என்று கணக்கில் இருந்தன. அவற்றின் சந்தை மதிப்பு சுமார் 76 பில்லியன். பங்குதாரர் மூலதனம் மொத்தமே சுமார் 16 பில்லியன். முதிர்வு வரை விற்கமாட்டோம் என்று சொன்னால், விலைச் சரிவை லாப நட்டத்தில் காட்டத் தேவையில்லை. விதி அதை அனுமதிக்கிறது. 76 என்ற எண்ணும் ஒளிக்கப்படவில்லை, அதே அறிக்கையில்தான் அச்சாகியிருந்தது. “முதிர்வு வரை வைத்திருப்போம்” என்பது ஓர் அனுமானம். அந்த அனுமானம் உண்மையாக இருக்கும்வரை 91 சரி. வைப்பாளர்கள் வாசலுக்கு வந்துவிட்டால் 76 தான் சரி. டேலி ஆகிறது, ஆனால். எனக்குள் அந்தப் பச்சை மை மறுபடி ஓடியது.

படிக்கப் போகிறவர்கள் எப்படிப் படிப்பது என்று கேட்கிறார்கள். என் அனுபவத்தில் உதவியதைச் சொல்கிறேன். கணிப்பான் விசையிலோ எக்செல் கட்டளையிலோ நிகழ்கால மதிப்பைக் காண்பதற்கு முன், குறைந்தது இருபது கணக்குகளையாவது ஆண்டு ஆண்டாகக் கையால் கழித்துப் பாருங்கள். எக்செல் ஒரு விடையைக் கொடுத்துவிட்டு அமைதியாக இருந்துவிடும், அதுதான் சிக்கல். இன்று 100 வெளியே, அடுத்த ஆண்டு 230 உள்ளே, அதற்கடுத்த ஆண்டு 132 வெளியே என்று ஒரு திட்டம் இருந்தால், அதன் உள்ளார்ந்த ஆதாய விகிதம் (திட்டத்தின் மதிப்பு சைபர் ஆகும் விகிதம்) 10 சதவீதமும்கூட, 20 சதவீதமும்கூட. இரண்டும் சரியாகப் பொருந்தும். எக்செல் அவற்றில் ஒன்றை மட்டும் நீட்டும், இன்னொன்று இருப்பதாகச் சொல்லாது. கையால் போட்டவருக்குத்தான் அங்கே சந்தேகம் வரும்.

அதேபோல இரண்டு ஆண்டுகளின் பேலன்ஸ் ஷீட்டையும் ஒரு லாப நட்டக் கணக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு பணப்பாய்வு அறிக்கையை நீங்களே கட்டிப் பழகுங்கள். அது வந்துவிட்டால் கணக்கியலில் பயப்பட ஒன்றுமில்லை. ஆண்டறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள். முன்பக்கத்தில் தலைவரின் உரையும் வண்ணப் படங்களும் இருக்கும். தேய்மானத்துக்கு எத்தனை ஆண்டு ஆயுள் வைத்தார்கள், வராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், வழக்குகள் என்னென்ன நிலுவை என்பதெல்லாம் குறிப்புகளில்தான் கிடக்கும். தணிக்கை, வரி, செலவுக் கணக்கியல் போன்ற பாடங்களைக் கனமானவை என்று ஒதுக்காதீர்கள். வேலைக்குப் போன முதல் ஆண்டில் முதலீட்டுக் கோட்பாட்டைவிட அவைதான் என்னைக் காப்பாற்றின. பிறகு, எழுதப் பழகுங்கள். ஒரு மதிப்பீட்டை இரண்டு பக்கத்தில், அந்தத் துறை தெரியாதவருக்கும் புரியும்படி எழுத முடியவில்லை என்றால், அந்த மதிப்பீடு உங்களுக்கே இன்னும் புரியவில்லை. இதை நான் தாமதமாகத்தான் கற்றேன்.

இறுதியாண்டுத் திட்டமாக, பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தை மதிப்பிட்டேன். ஐந்தாண்டுப் பணப்பாய்வை முன்கணித்து, அதன்பின் என்றென்றைக்கும் ஒரே வேகத்தில் வளரும் என்று வைத்து இறுதி மதிப்பைச் சேர்ப்பது வழக்கம். அந்த “என்றென்றைக்கும்” என்பதில்தான் பெரும்பாலும் மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் இருக்கும். அடுத்த ஆண்டு 100 தரும் ஒன்று, ஆண்டுக்கு 4 சதவீதம் வளர்ந்து, 10 சதவீதத்தில் கழிக்கப்பட்டால் மதிப்பு 1,667. வளர்ச்சியை 5 ஆக்கினால் 2,000. கூடவே கழிவு விகிதத்தை 9 ஆக்கினால் 2,500. இரண்டு எண்களையும் ஒவ்வொரு புள்ளி நகர்த்தினோம். மதிப்பு பாதியளவு கூடிவிட்டது. இது தெரிந்ததால் என் கோப்பில் முதல் தாளுக்கு “அனுமானங்கள்” என்று பெயர் வைத்தேன். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் மூன்று கட்டம்: எங்கிருந்து எடுத்தேன், எந்த நாளில் எடுத்தேன், எது நடந்தால் மாற்றிக்கொள்வேன். மூன்றாவது கட்டத்தை நிரப்பத்தான் அதிக நாள் பிடித்தது. சில எண்களுக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. அந்த எண்களை நான் வெறும் பழக்கத்தால் போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

வாய்மொழித் தேர்வில் இரண்டு பேர் அமர்ந்திருந்தார்கள். அறுபது பக்க அறிக்கை மேசையில். வெளியிலிருந்து வந்திருந்தவர் முதல் தாளைத் திறந்து, நீண்டகால வளர்ச்சி 4 சதவீதம் என்ற வரியில் பேனாவை வைத்தார். “ஏன் நாலு?”

எந்த நிறுவனமும் தான் இருக்கும் பொருளாதாரத்தைவிட வேகமாக என்றென்றைக்கும் வளர முடியாது, அப்படி வளர்ந்தால் ஒரு நாள் அதுவே பொருளாதாரமாகிவிடும் என்று தொடங்கினேன். விலைவாசி உயர்வு எவ்வளவு, அதைக் கழித்தால் உண்மையான வளர்ச்சி எவ்வளவு, அந்த வளர்ச்சிக்காக லாபத்தில் எவ்வளவை மறுபடி உள்ளே போட வேண்டும் என்று போனேன். அவர் குறுக்கிட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது கட்டத்தைக் காட்டினேன். அதில் இரண்டு நிகழ்வுகள் எழுதியிருந்தேன். மூன்றாவதாக ஒன்றை அவர் சொன்னார். நான் யோசித்திராத ஒன்று, சரியான ஒன்று. ஒப்புக்கொண்டேன். அப்படியானால் நாலு நிற்குமா என்றார். மூன்று வரை இறங்கலாம் என்றேன். அரை மணி நேரம் அந்த ஒரு வரியிலேயே போய்விட்டது. மிச்சப் பக்கங்களை அவர்கள் புரட்டவில்லை.

வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். 4-ஐ அழித்து 3 என்று அடித்தேன். மொத்த மதிப்பில் ஒன்பது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பக்கத்துக் கட்டத்தில் அன்றைய தேதியையும், அவர் சொன்ன மூன்றாவது நிகழ்வையும் எழுதி, கோப்பைச் சேமித்துக்கொண்டேன்.